சத்தம் கூடினால் சக்தி கூடுமா?

எஸ்.பி.எம். தேர்வு முடிந்து முடிவுக்காகக் காத்திருக்கும் மாதங்களில் நம் தாமான்களில் ஒரு காட்சியை அடிக்கடி பார்க்கிறோம். வீட்டு முன்னால் ஒரு பழைய புரோட்டோன் வீராவோ பெரோடுவா மைவியோ நிற்கிறது. முன்மூடி திறந்திருக்கிறது. இரண்டு மூன்று இளைஞர்கள் அதற்குள் குனிந்திருக்கிறார்கள். தரையில் ஸ்பானர்களுக்குப் பக்கத்தில் பளபளக்கும் எஃகுக் குழாய்கள் நான்கு, வளைந்து நெளிந்து ஒன்றாய்ச் சேர்ந்து கிடக்கின்றன. நம் ஊரில் அதற்கு எக்ஸ்ட்ராக்டர் என்று பெயர். வேறு நாடுகளில் ஹெடர் என்பார்கள். காரோடு வந்த மனிஃபோல்டைக் கழற்றிவிட்டு இதைப் பூட்டினால் கார் பறக்கும் என்று யாரோ சொல்லியிருப்பார்கள்.

அப்பா திட்டுகிறார். அம்மா கவலைப்படுகிறார். பக்கத்து வீட்டுக்காரர் முறைக்கிறார். அவர்களோடு சேர்ந்து நாமும் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. ஒரு பொருளைச் சொந்தக் கையால் கழற்றி, அதன் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்து, மீண்டும் பூட்ட வேண்டும் என்ற ஆசை நல்ல ஆசை. தேர்வுத் தாளில் அலைகளைப் பற்றி இரண்டு பக்கம் எழுதிவிட்டு, ஒரு நட்டைக்கூடத் திருகத் தெரியாமல் இருப்பதைவிட அது எவ்வளவோ மேல்.

ஆனால் அந்த இளைஞர்களிடம் ஒரு கேள்வி கேட்க வேண்டியிருக்கிறது. பூட்டி முடித்த பிறகு, காரின் சக்தி கூடியிருக்கிறது என்பதை எப்படித் தெரிந்துகொள்வீர்கள்? “சத்தத்தைக் கேட்டாலே தெரியுமே” என்பதுதான் பெரும்பாலும் கிடைக்கும் பதில். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

குழாய்க்குள் நடப்பது என்ன?

நான்கு சிலிண்டர் எஞ்சின் ஒன்று நிமிடத்திற்கு 3,000 சுற்று சுழலும்போது, ஒவ்வொரு சிலிண்டரும் விநாடிக்கு 25 முறை எரிந்த வாயுவை வெளியே தள்ளுகிறது. நான்கும் சேர்ந்தால் விநாடிக்கு 100 முறை. ஆகவே புகைக்குழாயில் வாயு ஆற்றுநீர்போலச் சீராக ஓடுவதில்லை. பறையடி போல விட்டுவிட்டு வரும் அழுத்தத் துடிப்பாக ஓடுகிறது.

பழைய கார்களின் வார்ப்பிரும்பு மனிஃபோல்டில் நான்கு வாய்களும் குறுகிய தூரத்திலேயே ஒன்றாகிவிடுகின்றன. ஒரு சிலிண்டர் தள்ளிய வாயு, அடுத்த சிலிண்டரின் வாயிலில் போய் முட்டுகிறது. எக்ஸ்ட்ராக்டரில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனிக்குழாய் உண்டு. நீளம் ஏறக்குறைய சமமாக இருக்கும். வெடிப்பு வரிசை 1-3-4-2 என்று இருந்தால், ஒன்றாம் சிலிண்டரும் நான்காம் சிலிண்டரும் ஒரு முழுச் சுற்று இடைவெளியில் வெடிக்கின்றன. இரண்டும் மூன்றும் அப்படித்தான். அந்த இணைகளை முதலில் சேர்த்து, பிறகு இரண்டையும் ஒன்றாக்கினால் அது 4-2-1 வகை. நான்கையும் ஒரே இடத்தில் சேர்த்தால் அது 4-1 வகை.

இனி, படிவம் 4 இயற்பியலில் படித்த அலையை நினைவுக்குக் கொண்டு வாருங்கள். அழுத்த அலை ஒன்று குழாய் சட்டென்று அகலமாகும் இடத்தை அடைந்தால், அதன் ஒரு பகுதி தாழ்வழுத்த அலையாகத் திரும்பி வரும். வெளியேற்று வால்வு மூடுவதற்குள் அது வந்து சேர்ந்தால், சிலிண்டருக்குள் தங்கியிருக்கும் மிச்ச வாயுவையும் உறிஞ்சி வெளியே எடுக்கும். புதிய காற்று உள்ளே வர இடம் கிடைக்கும். எக்ஸ்ட்ராக்டர் தரும் சக்தியின் ரகசியம் இதுதான்.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள். சூடான வாயுவில் ஒலி விநாடிக்கு ஏறக்குறைய 550 மீட்டர் வேகத்தில் செல்வதாக வைத்துக்கொள்வோம். குழாய் 80 சென்டிமீட்டர் என்றால், போய்வரும் தூரம் 1.6 மீட்டர். அதற்கு ஆகும் நேரம் சுமார் 3 மில்லி விநாடி. எஞ்சின் 6,000 சுற்றில் இருக்கும்போது ஒரு சுற்றுக்கு 10 மில்லி விநாடிதான். ஆக, அலை திரும்புவதற்குள் எஞ்சினின் அச்சு 100 பாகைக்கு மேல் திரும்பிவிடுகிறது. 3,000 சுற்றில் அதே நேரத்தில் 50 பாகையைச் சற்றே தாண்டுகிறது. குழாயின் நீளம் மாறாது. எஞ்சினின் வேகம் மாறிக்கொண்டே இருக்கும். ஒரு வேகத்தில் சரியான கணத்தில் வந்து உதவும் அலை, இன்னொரு வேகத்தில் தவறான நேரத்தில் வந்து நிற்கும்.

இதன் பொருள் எளிமையானது. உயர்ந்த சுற்றில் சக்தி தரும்படி செய்யப்பட்ட குழாய், குறைந்த சுற்றில் இழுவையைக் குறைக்கக்கூடும். காலையிலும் மாலையிலும் கூட்டரசு நெடுஞ்சாலை நெரிசலில் 2,000 சுற்றில் ஊர்ந்து போகும் காருக்கு, 6,000 சுற்றில் கிடைக்கும் சக்தியால் என்ன பயன்?

எஞ்சினுக்குப் பின்னழுத்தம் தேவை என்று சொல்வோர் ஒரு பக்கம், குழாய் எவ்வளவு பெரிதோ அவ்வளவு நல்லது என்று சொல்வோர் மறுபக்கம். இரண்டுமே சரியில்லை. எஞ்சினுக்கு வேண்டியது வாயுவின் வேகம். தேவைக்கு மேல் அகலமான குழாயில் வாயு சோம்பிவிடும். சத்தம் மட்டும் கூடும். மெல்லிய எஃகுச் சுவர் வார்ப்பிரும்பைப் போல ஒலியை அடக்காது என்பதே அதற்குக் காரணம். காதுக்குக் கிடைத்த விருந்தைச் சக்தி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

எல்லாக் காருக்கும் பொருந்தாது

வாங்குவதற்கு முன் உங்கள் கார் எது என்று பாருங்கள். பெரோடுவா ஆக்சியாவில் இருப்பது மூன்று சிலிண்டர். அதற்கு 4-2-1 பற்றிய பேச்சே பொருந்தாது. எட்டாம் தலைமுறை ஹோண்டா சிவிக்கின் 1.8 லிட்டர் எஞ்சினில் மனிஃபோல்ட் தனிப் பொருளாகவே இல்லை. எஞ்சின் தலைப்பகுதியோடு ஒன்றாக வார்க்கப்பட்டிருக்கிறது. கழற்றவே முடியாத ஒன்றுக்கு மாற்று எங்கிருந்து வரும்? அண்மைக் காலக் கார்கள் பலவற்றில் மனிஃபோல்டும் வினையூக்கி மாற்றியும் ஒரே உறுப்பாக இருக்கின்றன. ஒன்றைக் கழற்றினால் மற்றதும் போய்விடும். அது வேறொரு பெரிய விஷயம். அதற்குப் பிறகு வருவோம்.

ஸ்பானரைத் தொடும் முன்

ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். இந்த வேலையில் ஆழம் இரண்டு இடங்களில் இருக்கிறது. ஒன்று காருக்கு அடியில், மற்றொன்று துருப்பிடித்த நட்டில்.

ஜேக்கியை மட்டும் நம்பி யாரும் காருக்கு அடியில் போகக் கூடாது. ஜேக்கி தூக்குவதற்கு மட்டுமே. தாங்குவதற்கு ஜேக் ஸ்டாண்ட் இருக்கிறது. சமமான, உறுதியான தரையில் காரை நிறுத்தி, சக்கரத்திற்குக் கட்டை கொடுத்து, ஸ்டாண்டில் இறக்கி, அசைத்துப் பார்த்த பிறகே கீழே போக வேண்டும். எஞ்சின் முழுமையாக ஆறியிருக்க வேண்டும். பேட்டரியின் எதிர்முனையைக் கழற்றிவிட வேண்டும். கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். தனியாக இந்த வேலையில் இறங்க வேண்டாம். அனுபவம் உள்ள ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும்.

அடுத்தது நட்டு. பல ஆண்டுகள் சூட்டில் வெந்து ஆறிய நட்டு எளிதில் அசையாது. முதல் நாள் இரவே துரு இளக்கும் எண்ணெயைத் தெளித்துவிட்டுப் பொறுமையாக இருங்கள். பலத்தைக் காட்டித் திருகினால் ஸ்டட் முறிந்து, அதன் பாதி எஞ்சினின் அலுமினியத் தலைக்குள் தங்கிவிடும். அதைத் துளையிட்டு எடுப்பது வீட்டு வேலை கிடையாது. ஞாயிற்றுக்கிழமை மாலை அது நடந்தால், திங்கள் காலை அப்பா வேலைக்கு எதில் போவார்? வீட்டில் இருப்பது ஒரே கார் என்றால், முதலில் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டு ஸ்பானரை எடுங்கள்.

ஆக்சிஜன் சென்சாரின் இணைப்பைக் கவனமாகக் கழற்றுங்கள். அதன் கம்பியில் குழாயைத் தொங்கவிடாதீர்கள். பழைய கேஸ்கெட்டின் மிச்சத்தை, அலுமினியத்தில் கீறல் விழாமல் சுரண்டி எடுங்கள். புதிய கேஸ்கெட் இல்லாமல் பூட்டாதீர்கள். நட்டுகள் எல்லாவற்றையும் முதலில் விரலால் திருகி, பிறகு நடுவிலிருந்து இரு பக்கமும் மாறி மாறி, இரண்டு மூன்று சுற்றாக இறுக்க வேண்டும். ஒரே மூச்சில் ஓர் ஓரத்தை இறுக்கினால் மறு ஓரம் தூக்கிக்கொள்ளும்.

எவ்வளவு இறுக்குவது என்பதற்கும் கணக்கு உண்டு. காரின் பழுதுபார்ப்புக் கையேடு 30 நியூட்டன் மீட்டர் என்று சொன்னால், 30 சென்டிமீட்டர் நீளக் கைப்பிடியின் நுனியில் 100 நியூட்டன் விசை போதும். அது ஏறக்குறைய 10 கிலோ எடையைத் தூக்கும் விசைதான். கைப்பிடியில் இரும்புக்குழாய் செருகி நீளத்தை இரட்டிப்பாக்கி அதே விசையைக் கொடுத்தால், திருப்புத்திறனும் இரட்டிப்பாகும். ஸ்டட் முறிவதற்கு அதுவும் ஒரு காரணம். டார்க் ரெஞ்ச் ஒன்றை இரவல் வாங்கியாவது பயன்படுத்துங்கள்.

முடித்த பிறகு திறந்த வெளியில் எஞ்சினை ஓடவிட்டு, கசிவு இருக்கிறதா என்று கேளுங்கள். ‘டிக் டிக்’ என்ற ஒலி இணைப்பில் வந்தால் எங்கோ வாயு கசிகிறது. இதைச் சிறிய குறை என்று விட்டுவிடக் கூடாது. துடிப்புகளுக்கு இடையே அந்த ஓட்டை வழியாக வெளிக்காற்று உள்ளே போகும். எரிபொருள் குறைவாக இருக்கிறது என்று ஆக்சிஜன் சென்சார் தவறாகச் சொல்லும். கணினி கூடுதல் பெட்ரோலை ஊற்றும். சக்தி தேடிப் போனவர் பெட்ரோல் நிலையத்திற்குப் பணம் கட்டுவார்.

அதைவிடப் பெரிய ஆபத்து கார்பன் மோனாக்சைடு. அதற்கு நிறமில்லை, மணமில்லை. இரத்தத்தின் ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான பற்றுடன் அது சேர்ந்துகொள்ளும். நிறுத்திய காரில் எஞ்சினை ஓடவிட்டுத் தூங்கியவர்கள் உயிரிழந்த செய்திகள் நம் நாட்டில் ஒருமுறை மட்டும் வந்தவை அல்ல. மூடிய இடத்தில் எஞ்சினை ஓட்டிப் பார்க்காதீர்கள். கசிவுள்ள காரில் யாரையும் ஏற்றாதீர்கள்.

காற்று எல்லாருக்கும் பொது

இப்போது வினையூக்கி மாற்றிக்கு வருவோம். அதைக் கழற்றி எறிந்தால்தான் முழுச் சக்தி கிடைக்கும் என்று சொல்வோர் உண்டு. அதற்குள் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூசப்பட்ட நுண்துளைகள் இருக்கின்றன. கார்பன் மோனாக்சைடு, எரியாத ஹைட்ரோகார்பன், நைட்ரஜன் ஆக்சைடுகள் ஆகிய மூன்றையும் கார்பன் டைஆக்சைடு, நீராவி, நைட்ரஜன் என்று அது மாற்றுகிறது. படிவம் 4 வேதியியலில் படிக்கும் வினையூக்கி, ஒவ்வொரு காரின் வயிற்றிலும் வேலை செய்துகொண்டிருக்கிறது. காற்றும் பெட்ரோலும் எடையளவில் 14.7-க்கு 1 என்ற விகிதத்தை ஒட்டி இருந்தால்தான் மூன்று வேலையையும் அதனால் ஒருசேரச் செய்ய முடியும். ஆக்சிஜன் சென்சார் அங்கே இருப்பது அந்த விகிதத்தைக் காப்பதற்காக.

அதைக் கழற்றுவதால் உங்களுக்குக் கிடைப்பது மிகச் சிறிய பயன். அந்தப் புகையைச் சுவாசிப்பது பேருந்து நிறுத்தத்தில் நிற்கும் தம்பி தங்கைகளும், பக்கத்து வீட்டில் ஆஸ்துமாவோடு இருக்கும் பாட்டியும். கார் உங்களுடையதாக இருக்கலாம், காற்று அப்படியில்லை.

சட்டமும் இதைத்தான் சொல்கிறது. 1974-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின் கீழ், வாகன இரைச்சலுக்கென 1987-இலும், பெட்ரோல் எஞ்சின்களின் புகைக்கென 1996-இலும் விதிமுறைகள் வந்துவிட்டன. சாலைப் போக்குவரத்துச் சட்டமும் இருக்கிறது. மாற்றம் செய்யும் முன் எதற்கு அனுமதி வேண்டும், எது அறவே கூடாது என்பதை ஜேபிஜேவிடம் கேட்டுத் தெரிந்துகொள்வது உங்கள் கடமை. காப்புறுதி நிறுவனத்திடமும் சொல்லிவிடுங்கள். சொல்லாமல் செய்த மாற்றம், விபத்து நடந்த அன்று இழப்பீட்டுக்குத் தடையாக வந்து நிற்கலாம். சைலன்சரைத் தொடாதீர்கள். பழைய மனிஃபோல்டைப் பழைய இரும்புக் கடைக்குப் போட்டுவிடாமல் பத்திரமாக வைத்திருங்கள். மீண்டும் பழைய நிலைக்குத் திரும்ப வழி இருக்க வேண்டும்.

காதை நம்பாமல் கணக்கை நம்புவோம்

முதலில் கேட்ட கேள்விக்கு வருவோம். சக்தி கூடியதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? பொதுச்சாலையில் விரட்டிப் பார்ப்பது சோதனை ஆகாது. அது உயிரோடு விளையாடுவது. பாதுகாப்பான வழிகள் மூன்று இருக்கின்றன.

முதலாவது, பெட்ரோல் கணக்கு. பூட்டுவதற்கு முன் மூன்று முறை, பூட்டிய பின் மூன்று முறை, ஒரே நிலையத்தில் தொட்டியை நிரப்பி, ஓடிய தூரத்தையும் ஊற்றிய லிட்டரையும் குறித்துக்கொள்ளுங்கள். 420 கிலோமீட்டருக்கு 30 லிட்டர் என்றால் 100 கிலோமீட்டருக்கு 7.1 லிட்டர். இதற்கு ஒரு குறிப்பேடும் பென்சிலும் போதும்.

இரண்டாவது, காரின் கணினியைப் படிக்கும் சிறு கருவி. எரிபொருளைக் கணினி எவ்வளவு கூட்டுகிறது, எவ்வளவு குறைக்கிறது என்பதை விழுக்காட்டில் அது காட்டும். பூட்டுவதற்கு முன் இருந்த எண், பூட்டிய பின் பெரிதும் ஏறியிருந்தால் கசிவைத் தேடுங்கள்.

மூன்றாவது, டைனோ. காரின் சக்கரங்களை உருளையின் மேல் ஓடவிட்டுச் சக்தியை அளக்கும் பொறி அது. அதே டைனோவில், அதே கியரில், முன்பும் பின்பும் மும்மூன்று முறை அளக்க வேண்டும். உதாரணத்துக்கு, முன்பு 70, 71, 72 குதிரைத்திறன் என்றும், பின்பு 71, 72, 73 என்றும் வந்ததாக வைத்துக்கொள்வோம். சராசரி ஒன்று கூடியிருக்கிறது. ஆனால் எதையும் மாற்றாமல் ஓட்டியபோதே இரண்டு குதிரைத்திறன் ஏறி இறங்கியதே! அப்படியானால் கூடியதாகச் சொல்ல உங்களிடம் ஆதாரம் இல்லை. இதை ஒப்புக்கொள்ளும் நேர்மைதான் அறிவியல். பல நூறு ரிங்கிட் செலவழித்த பிறகு அப்படி ஒப்புக்கொள்வது கடினம் என்பதால்தான் பலர் அளப்பதே இல்லை.

கைத்திறனுக்கு ஒரு தாள்

இவ்வளவும் செய்து முடித்த இளைஞர் யாராயினும், எக்ஸ்ட்ராக்டர் பூட்டியதோடு நிற்கவில்லை. கையேட்டைப் படித்திருக்கிறார், விசையைக் கணக்கிட்டிருக்கிறார், முன்னும் பின்னும் அளந்து எழுதியிருக்கிறார். அவர் பாதித் தொழில்நுட்பர் ஆகிவிட்டார். மீதிப் பாதி சான்றிதழ்.

நம் சமுதாயத்தில் கைத்திறன் உள்ள பிள்ளைகளுக்குப் பஞ்சமில்லை. பட்டறைகளில் பத்து, பதினைந்து ஆண்டுகள் வேலை செய்து, எஞ்சினின் ஒலியை வைத்தே நோயைச் சொல்லும் அண்ணன்மார்களை ஒவ்வோர் ஊரிலும் பார்க்கலாம். ஆனால் அவர்களில் பலரிடம் அதை நிரூபிக்கும் தாள் ஒன்றுகூட இல்லை. பெரிய நிறுவனத்தில் விண்ணப்பிக்கும் நாளில் அந்தத் தாள்தான் முதலில் கேட்கப்படுகிறது.

2006-ஆம் ஆண்டின் தேசிய திறன் மேம்பாட்டுச் சட்டத்தின் கீழ் மலேசியத் திறன் சான்றிதழ், அதாவது எஸ்கேஎம், முதல் மூன்று நிலைகளில் வழங்கப்படுகிறது. நான்காம் நிலை டிப்ளோமா, ஐந்தாம் நிலை மேல்நிலை டிப்ளோமா. தொழிற்பயிற்சிக் கழகங்களிலும் சமூகக் கல்லூரிகளிலும் பொலிடெக்னிக்குகளிலும் வாகனத் தொழில்நுட்பம் சார்ந்த படிப்புகள் இருக்கின்றன. ஏற்கெனவே வேலை தெரிந்தவர்களுக்கு, முன் அனுபவத்தை ஆராய்ந்து சான்றிதழ் வழங்கும் பிபிதி என்ற வழியும் உண்டு. மனிதவள அமைச்சின் திறன் மேம்பாட்டுத் துறையிடம் விவரம் கேட்கலாம். செய்த வேலைகளுக்கு ஆதாரம் காட்டுவது அந்த வழியின் முக்கியப் பகுதி. குறித்து வைக்கும் பழக்கம் இருப்பவருக்கு அது பெரிய சுமையாக இருக்காது.

இன்னொன்றையும் மறந்துவிடக் கூடாது. புரோட்டோன் தன் முதல் மின்சாரக் காரை 2024 டிசம்பரில் அறிமுகப்படுத்தியது. அந்தக் காரில் புகைக்குழாய் கிடையாது. இன்று படிவம் 4-இல் இருக்கும் மாணவர் நடுவயதை எட்டும்போது எக்ஸ்ட்ராக்டர் அருங்காட்சியகப் பொருளாக மாறியிருக்கலாம். ஆனால் கையேட்டைப் படித்துத் தொடங்குவது, சரியான அளவுக்கு இறுக்குவது, மாற்றுவதற்கு முன்னும் பின்னும் அளப்பது, கிடைத்த எண்ணை நேர்மையாக ஏற்பது ஆகியவை எந்தக் காருக்கும் பொருந்தும்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. பிள்ளை காரைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கும்போது, “படிக்கிற வேலையைப் பார்” என்று விரட்டிவிடாதீர்கள். “எதற்காகக் கழற்றுகிறாய், எப்படி அளக்கப் போகிறாய்?” என்று கேளுங்கள். பதில் வந்தால் பக்கத்தில் நின்று விளக்கைப் பிடியுங்கள். பதில் வராவிட்டால், அது வரும் வரைக்கும் கார் சாவி உங்களிடமே இருக்கட்டும்.